நாலே நாலு புள்ளி

பத்தாம் வீட்டின் எண்ணிக்கையைப் படிக்கும் முன் மையத்தை நடத்தும் திருமலை சார் தொண்டையைச் செருமிக்கொண்டார். மேடைக்குப் பின்னால் கட்டியிருந்த பேனரில் ‘நாளைய விஞ்ஞானிகள் எழுச்சி மையம்’ என்று எழுதி, சிறப்பு விருந்தினராக வந்திருந்த அதிகாரியின் முகத்தை ஆளுயரத்துக்குப் போட்டிருந்தார்கள். பள்ளி விட்டதும் வந்து ஆராய்ச்சி செய்த பிள்ளைகள் கீழே ஓரத்தில் தபால்தலை அளவில் இருந்தார்கள்.

“வீடு எண் பத்து. கரும்புள்ளிகள், வெறும் நான்கு!”

ஹால் கைதட்டியது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள் எல்சி. பத்தாம் வீடு அவளுடையது.

ஆராய்ச்சி எளிமையானதுதான். ராயபுரத்தில் துறைமுக நிலக்கரி லாரிகள் போகும் அந்தத் தெருவில் பத்து வீட்டு ஜன்னலில் வாஸ்லின் தடவிய கண்ணாடித் துண்டு. ஏழு நாள் அப்படியே விட்டுவிட்டு, ஒட்டிய கரித்தூளை மைக்ராஸ்கோப்பில் எண்ண வேண்டும். மற்ற வீடுகளில் முந்நூறுக்குக் குறைந்து எதுவும் இல்லை. அடுத்த வீட்டு மலிகாவுக்கு நானூற்றுப் பன்னிரண்டு.

கண்ணாடியைக் கொண்டுவந்து வைத்த அன்று எல்சியின் மகள் சாரா பெருமையாகச் சொல்லியிருந்தாள்: “நம்ம வூட்டு தூசிய நூறு மடங்கு பெருசாக்கி எல்லாரும் பாப்பாங்கமா.” மகள் அதைப் பெரிய மரியாதையாகச் சொன்னாள். தாய் காதில் அது மிரட்டலாக விழுந்தது. கட்டிலுக்கடியில் இருப்பதையெல்லாம் இழுத்து நடு ஹாலில் போடப்போகிறார்கள் என்பதைப் போல. மறுநாள் பிள்ளை பள்ளிக்குப் போனதும் எல்சி கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்தது தெரியாமலிருக்க வாஸ்லினும் புதிதாகத் தடவினாள். ஏழு நாளும் அப்படித்தான். தப்பு செய்கிறோம் என்றே தோன்றவில்லை. ஆள் வருகிறார்கள் என்றால் வீட்டைப் பெருக்காமலா விடுவார்கள்? அந்த நாலு புள்ளியும் கடைசியாகத் துடைத்ததற்கும் சாரா வந்து எடுத்ததற்கும் நடுவில் விழுந்தவை.

“மா, கண்ணாடிய தொட்டியா நீ?” என்று, புள்ளிகளை எண்ணிய அன்று சாரா கேட்டாள்.

“நான் இன்னாத்துக்குடி தொடப்போறேன்?”

இப்போது மேடையில் திருமலை சார் அந்த நாலு புள்ளிக்கு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தார். கடற்காற்று குறிப்பிட்ட கோணத்தில் சுழன்று தூசியை விலக்குகிறதாம். அதற்கு ‘திருமலைச் சுழல்’ என்று பெயரே வைத்து, படமும் வரைந்து மாட்டிவிட்டார். எல்சி வீட்டு ஜன்னல் திறப்பது மலிகா வீட்டுக் குளியலறைச் சுவரைப் பார்த்து. கடற்காற்று அங்கே வருவதென்றால் நாலு பேரிடம் விலாசம் விசாரித்துத்தான் வர வேண்டும்.

பிறகு அதிகாரி மைக்கைப் பிடித்தார். லாரிகளைத் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும் என்று பிள்ளைகள் எழுதிய மனு அவர் கையில் இருந்தது.

“ஒரே தெரு, ஒரே காத்து. ஒரு வீட்ல நாலு, பக்கத்து வீட்ல நானூறு. அப்போ குறை லாரிலயா இருக்கு? வீட்டை வெச்சுக்கற விதத்துல இருக்கு. இந்தம்மாவைப் பார்த்து மத்தவங்க கத்துக்கணும்.”

மனுவை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எல்சிக்குப் பக்கத்தில் இருந்த மலிகா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். ஒரு நாளைக்கு மூன்று தடவை தரையைத் துடைப்பவள். மகன் சுஹைபும் மையத்துப் பிள்ளைதான்; அவனுக்கு மூச்சுத் திணறல். அவன் இன்ஹேலர் இல்லாமல் அவள் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டாள். அவள் எல்சியைத் திரும்பிப் பார்க்கவில்லை. மேடையிலிருந்து சாரா பார்த்தாள். அந்தப் பார்வையில் கேள்வி எதுவும் மிச்சமில்லை.

எல்சி எழுந்தாள்.

“சார், அது காத்து இல்ல சார்.”

“உக்காருங்கம்மா, கேள்வி நேரம் அப்புறம்” என்றார் திருமலை சார்.

“கேள்வி இல்ல சார். நான்தான் தெனம் தொடச்சிகினு இருந்தேன்.”

பின் வரிசையிலிருந்து ஒரு பெண் குரல், “எங்க வூட்டாண்டயும் வந்து தொடச்சிட்டு போயிருக்கலாம்ல எல்சிக்கா!” என்றது. சிரிப்பு கிளம்பியது.

சாரா மேடை விளிம்புக்கு வந்தாள். “இன்னாத்துல தொடச்ச?”

“பழைய நைட்டி துணில.”

“அந்தத் துணி எங்கமா?” முகத்தில் சட்டென்று ஒரு வெளிச்சம். ஏழு நாள் தூசியும் அதில் இருக்குமே.

எல்சிக்குப் பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது. “தொவச்சுட்டேன்டி.”

ஹால் மொத்தமும் சிரித்தது. சாரா சிரிக்கவில்லை. சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையில் ஸ்கேலை வைத்து, பத்தாம் வரிசையை அடித்தாள். ஓரத்தில் ‘செல்லாது’ என்று எழுதினாள். நேராக அதிகாரியிடம் போய்க் கையை நீட்டினாள்.

“சார், மனுவக் குடுங்க. பத்து வூடுன்னு கீது. ஒம்போதுன்னு திருத்தணும்.”

அதிகாரி திருமலை சாரைப் பார்த்தார். திருமலை சார் தன் சுழலைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாராவின் கை நீட்டியபடியே இருந்தது.

எல்சி உட்கார்ந்தாள். மலிகா முன்னால் பார்த்தபடியே முணுமுணுத்தாள்:

“எனக்கும் தெனம் கை துறுதுறுன்னுதான் இருந்துச்சு. சுஹைபு கத்துவான்னு வுட்டுட்டேன்.”

அது ஆறுதலா, குத்தலா என்று எல்சிக்குப் பிடிபடவில்லை. முன் நாற்காலியின் முதுகில் கறுப்பாகத் தூசி படிந்திருந்தது. விரல் தானாக அதை நோக்கிப் போயிற்று. பாதியில் இழுத்துக்கொண்டாள். இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.