இண்டக்ஷனில் தலைப்பொங்கல்

'பீப்!' இண்டக்ஷன் அடுப்பு அணைந்தது.

மாரிசெல்வி மறுபடி பொத்தானை அழுத்தினாள். மறுபடி 'பீப்!' தாய்வீட்டிலிருந்து பொங்கல்படியாக வந்த பித்தளைப் பானை அடுப்பின் மேல் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. சூடுதான் ஏறவில்லை.

"பித்தளைய இது ஏத்துக்காது செல்வி," என்றான் சக்திகுமார், கம்பெனி சட்டைக்குப் பொத்தான் போட்டபடி.

"இத நேத்தே சொல்லிருக்கக் கூடாதா?"

"நீதான் பானைய பொட்டிக்குள்ளல்லா பூட்டி வச்சிருந்த!"

பிள்ளைப்பாக்கத்து மாடி வீட்டுக்கு கேஸ் கனெக்ஷன் இன்னும் வரவில்லை. வாசலில் கல் கூட்டி ஓலை எரிக்கலாமென்றால், வீட்டுக்காரர் புது டைல்ஸ் பதித்திருக்கிறார். ஒரகடம் கம்பெனியில் பொங்கலன்றும் லைன் ஓடுகிறது. சக்திக்கு லீவு இல்லை.

கல்யாணமாகி முதல் பொங்கல். "அப்ப நீ மட்டும் கிளம்பி வா" என்று சாத்தான்குளத்திலிருந்து மாமியார் சொர்ணம்மாள் கூப்பிட்டபோது மாரிசெல்வி சும்மா இருந்திருக்கலாம். "எங்க பொங்கல எங்க வீட்டுலதான் விடுவோம் அத்தே" என்றுவிட்டாள்.

பந்தயம் அங்கே பிறந்தது. வீடியோ காலில் மாமியார் கண்ணெதிரே பால் பொங்கி வழிந்தால், இனி வருஷா வருஷம் பொங்கல் பிள்ளைப்பாக்கத்தில். வழியாவிட்டால், ஆயுசுக்கும் சாத்தான்குளத்தில்.

போன் அலறியது. சொர்ணம்மாள்தான்!

கண் மூடித் திறப்பதற்குள் பானை இறங்கியது, குக்கர் ஏறியது. குக்கரின் கழுத்தில் மஞ்சள் குலை. நெற்றியில் சந்தனம், குங்குமம். அதன் பிறகே மாரிசெல்வி போனை எடுத்தாள்.

திரை முழுக்க மாமியார் முகம். பின்னால் வாசலில் ஓலைத் தீ, பானை, புகை.

"ஏட்டி, என்ன, குக்கருக்கா கல்யாணம்?"

"மூடி போடாத குக்கரு பானைதான் அத்தே."

பால் ஏறியது. நுரை விளிம்பைத் தொட்டது. ஒரு சொட்டு தாண்டி அடுப்பின் பட்டன் பலகையில் விழுந்தது. ஈரம் பட்டதும், 'பீப்!' அடுப்பு அணைய, பால் சமர்த்தாக உள்ளே போய்ப் படுத்துக்கொண்டது.

"எட்டிப் பாத்துட்டு உள்ள போயிட்டு," என்றாள் சொர்ணம்மாள் திருப்தியாக.

"ஒரு சொட்டு வழிஞ்சதே!"

"சொட்டெல்லாம் கணக்குல சேராது."

தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. சக்தி ஷூவை மாட்டினான், ஆனால் நகரவில்லை.

வழிந்தால்தான் ஜெயிக்கலாம். வழிந்தால் அடுப்பு அணையும். என்ன செய்வது? படையலுக்கு வாங்கிய வாழை இலை மாரிசெல்வியின் கண்ணில் பட்டது. குக்கரைத் தூக்கி அடியில் இலையை விரித்தாள், அடுப்பை முடுக்கினாள், இலை நுனியை இழுத்துப் பட்டன் பலகையைப் போர்த்தினாள். இனி பால் வழிந்தாலும் அடுப்புக்குத் தெரியாது!

சொர்ணம்மாள் மூக்குத்தி திரையில் முட்டுமளவுக்கு நெருங்கினாள். அந்த மூக்குத்திக்குப் பின்னால்...

"அத்தே, திரும்பிப் பாருங்க!"

"பேச்ச மாத்தாத. எங்கண்ணு குக்கர விட்டு நகராது."

"ஐயோ, உங்க பானை பொங்குது அத்தே!"

சொர்ணம்மாள் திரும்புவதற்குள் சாத்தான்குளத்துப் பால் பொங்கி வழிந்து ஓலைத் தீயையே அவித்துவிட்டது. தீயைப் பார்த்த பதற்றத்தில் அவள் குலவை போட மறந்தாள். பக்கத்தில் நின்ற மாமனார் நம்பிராஜனுக்குக் குலவை வராது. வாயை மட்டும் திறந்தபடி நின்றார்.

இங்கே குக்கரும் அதே நொடியில் பொங்கியது. வாழை இலையில் பால் ஓடியது. அடுப்பு மூச்சுவிடவில்லை. மாரிசெல்வி நாக்கைச் சுழற்றி, இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரு குலவை எடுத்தாள் பாருங்கள்!

பக்கத்து போர்ஷன் பிரவீனா அடித்துப் பிடித்து ஓடி வந்தாள். "இன்னாக்கா ஆச்சு? யாருனா வுழுந்துட்டாங்களா?"

"பால் பொங்கிருச்சு பிரவீனா!"

"அதுக்கா இந்தக் கத்து? எங்கூட்ல பொங்கலோ பொங்கல்னு தட்ட தட்டுவோம், அவ்ளோதான்."

பஸ் மறுபடி அலற, சக்தி வழிந்த பாலில் ஒரு விரல் தொட்டு நக்கிவிட்டுப் பறந்தான்.

சொர்ணம்மாள் அவிந்த அடுப்பைப் பார்த்தாள். வாழை இலையைப் பார்த்தாள்.

"சரிட்டி. அடுத்த வருசமும் அங்கனயே பொங்கு."

மாரிசெல்விக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"சிரிக்காத. வெள்ளனே போனப் போட்டுரு. எம் பானைக்கும் நீதான் குலவ போடணும். எனக்கு ஒன் குக்கரப் பாக்கவே நேரம் சரியாப் போவுது."