இருபத்தாறு நிமிடம்

லிப்ற் வரவில்லை. ஏஞ்சலா இரண்டு தரம் பொத்தானைக் குத்திப் பார்த்தாள். மூன்றாந் தரம் குத்த நேரமில்லை. படிக்கட்டுக் கதவைத் தோளால் இடித்துத் திறந்துகொண்டு, சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி ஏறத் தொடங்கினாள். மற்றக் கையில் நாலாய் மடித்த ஒரு தாள்.

மேலே குழு மண்டபத்தில் இருபத்தெட்டாவது ஆள் பேசிக்கொண்டிருந்தார். ஆளுக்கு மூன்று நிமிடம். முப்பத்தோராவது பெயர் வேரோனிக்கா அகஸ்ரின். அந்தப் பெயரைக் கூப்பிட முன்னம் சித்தியைக் கதிரையிலிருந்து எழுப்பிக் காருக்குக் கொண்டுபோய்விட வேண்டும். மிஞ்சிப்போனால் எட்டு நிமிடம் இருந்தது.

ரொறன்ரோ நகரசபையின் வரவுசெலவுக் குழு மூன்று நாளாக ஒரே விசயத்தில் நின்றது. புதிதாக நூற்றுப்பத்துப் பொலிசார். வேண்டாம் என்று சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. காசு எங்கேயிருந்து என்பதில்தான் சண்டை. வீட்டுவரியைக் கூட்டுவதா, இல்லை சமூக நிலையங்களில் பின்னேர வகுப்புகளை நிறுத்தி அந்தப் பணத்தை எடுப்பதா? இரண்டாவது வழியைக் கொண்டுவந்தவர் எங்கள் ஆளான, தமிழ்க் கவுன்சிலர் கிளிபோட். ஏஞ்சலா அவருடைய உதவியாளர். கிளிபோட்டின் கையிலிருந்த ஒரே துருப்புச் சீட்டு, ஏஞ்சலாவின் சித்தி.

நவம்பர் பதினாலாந் திகதி, ஸ்காபரோவில் சித்தப்பா அகஸ்ரினின் சின்னக் கடைக்குள் இரண்டு பேர் புகுந்து, கல்லாவை வழித்துக்கொண்டு, போகிற போக்கில் அவருடைய தொடையில் கத்தியை இறக்கிவிட்டுப் போனார்கள். கடைக் கமெராவில் நேரம் ஐந்து பதினாலு. பொலிசும் அம்புலன்சும் உள்ளே வரும்போது அதே கமெராவில் ஐந்து நாற்பது. இடையில் சித்தப்பா கல்லாவுக்குப் பின்னால் நிலத்தில் சாய்ந்து, கைப்பேசியைக் காதில் வைத்தபடி இருந்தார். அந்தப் படம் எல்லா ரிவியிலும் வந்தது. ஒரு மனிதன் 911 என்ற அவசர எண்ணைக் கூப்பிட்டுக் கூப்பிட்டே இரத்தம் வடிந்து செத்துப்போனான் என்று ஊர் முழுக்கப் பேசிக்கொண்டது. குத்தியவர்களை மூன்றாம் நாள் ஒஷாவாவில் பிடித்துவிட்டார்கள். ஆனால் இருபத்தாறு நிமிடம் என்ற கணக்கு அப்படியே நின்றுவிட்டது. கோட்டில் குத்திக்கொள்கிற '26' என்ற சின்னப் பட்டையாகவும் வந்துவிட்டது.

பத்து நிமிடத்துக்கு முன்னம், கோப்பி வாங்குகிற வரிசையில், றொய்சன் அவளுக்குப் பின்னால் வந்து நின்றான். எதிர்த்தரப்புக் கவுன்சிலர் ஹெலன் பார்க்கரின் அலுவலகத்தில் வேலை செய்கிறவன்.

"அக்கா, நான் உங்களுக்கு இதைத் தரேல்லை," என்றான். "உங்கட அன்ரியை இண்டைக்குக் கதைக்க விடாதையுங்கோ. ஹெலன் இதை வச்சுக்கொண்டு பாத்துக்கொண்டிருக்கிறா."

அவன் கையில் திணித்த தாள் 911 அழைப்புப் பதிவு. அந்த விலாசத்திலிருந்து வந்த முதல் அழைப்பு ஐந்து முப்பத்துநாலு. அழைத்தது லொட்டோ ரிக்கெற் வாங்க வந்த யாரோ. பொலிஸ் வந்துசேர ஆறு நிமிடம்.

சித்தப்பா 911-ஐக் கூப்பிடவே இல்லை.

லிப்ற்றடிக்கு வர முன்னம் ஏஞ்சலா நேரே கிளிபோட்டின் அறைக்குத்தான் ஓடியிருந்தாள். அவர் கண்ணாடி பார்த்துக் கழுத்துப்பட்டி சரிசெய்துகொண்டு நின்றார். தாளை வாங்கி இரண்டு தரம் வாசித்தார்.

"சரி. அதுக்கென்ன?"

"அண்ணை, எல்லாருக்கும் முன்னால சித்தியைப் பொய்காரி ஆக்கப் போறா."

"அவ எங்கை பொய் சொன்னவ? அவவுக்குத் தெரியாது. தெரியாத ஆளை ஒருத்தரும் பிழை சொல்லமாட்டினம்." தாளைத் திருப்பிக் கொடுத்தார். "முதல்ல மனிசி அழும். பிறகு ஹெலன் பேப்பர் காட்டுவா. ரிவியில எது வரும் எண்டு நினைக்கிறாய்? நீ ஒண்டும் சொல்லிப் போடாதை. தெரிஞ்சுகொண்டு கதைச்சா முகத்தில காட்டிப்போடும்."

அவள் கதவைச் சாத்தவும் இல்லை. ஓடினாள்.

மண்டபத்துக்குள் கால் வைத்ததும் அவளுடைய கைப்பேசி அலறியது. ஏதோ விளம்பர நம்பர். பத்துத் தலைகள் திரும்பின. கடைசி வரிசையில் தமிழ்ச் சங்கத்து அன்புராசா அங்கிள், கோட்டில் '26' என்ற பட்டையோடு, வாய்க்குள் சிரித்தார்.

"பிள்ளை, உன்ர போன் பூசைக்கையும் அடிக்குது, இங்கையும் அடிக்குது. சத்தத்தை நிப்பாட்டத் தெரியாதே?"

தெரியும். நவம்பரிலிருந்து அவள் அதை நிறுத்துவதில்லை.

சித்தி மூன்றாம் வரிசை ஓரத்தில், கறுப்புக் காடிகனோடு, மடியில் கைப்பையை அணைத்துக்கொண்டு இருந்தாள். முப்பதாவது ஆள் எழுந்து மைக்குக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"சித்தி, எழும்புங்கோ. வீட்டை போவம்."

"என்ர முறை வரப்போகுது."

"தலைச்சுத்து எண்டு சொல்லுவம்."

"எனக்குத் தலை சுத்தேல்லை. நீதான் வேர்த்து வழிஞ்சுபோய் நிக்கிறாய். இரு."

ஏஞ்சலா தாளை விரித்து மடியில் வைத்தாள். சித்திக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆனால் எண் எல்லாருக்கும் விளங்கும். விரலை 5:34-இல் வைத்தாள்.

"பொலிசுக்கு முதல் கோல் போனது இந்த நேரம். அடிச்சது வேற ஆரோ. சித்தப்பா 911-க்கு அடிக்கேல்லை. அந்த வெள்ளைக்காரப் பொம்பிளை இதை உங்களிட்டைக் கேக்கப் போறா. படத்தில காதில வச்சுக்கொண்டிருந்தாரே, அப்ப ஆரோட கதைச்சவர் எண்டு கேப்பா."

சித்தி அழுவாள், இல்லையென்று தலையாட்டுவாள் என்று ஏஞ்சலா நினைத்திருந்தாள். சித்தி தாளை மறுபடி நாலாய் மடித்தாள். பையிலிருந்து தண்ணீர்ப் போத்திலை எடுத்து நீட்டினாள்.

"குடி. நீதானே இங்கிலீசில சொல்லோணும். தொண்டை காயக்கூடாது."

எங்கள் ஆட்களில் ஒரு பழக்கம் உண்டு. காஸ் பில் கூடினாலும், ஆஸ்பத்திரியிலிருந்து கடிதம் வந்தாலும், பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வந்தாலும், முதல் கோல் இங்கிலீஷ் தெரிந்த சொந்தக்காரருக்குத்தான். 911-இல் என்ன கேட்பார்கள், எப்படிச் சொல்வது, பிழையாகச் சொன்னால் என்ன வரும் என்று உள்ளுக்குள் ஒரு பயம். தமிழ் என்ற ஒரே சொல்லைச் சொன்னால் போதும், மொழிபெயர்க்கிற ஆளை இணைப்பில் எடுத்துத் தருவார்கள். அதை விளக்கி, கிளிபோட்டின் அலுவலகம் செப்டம்பரில் தமிழில் ஐயாயிரம் துண்டுப்பிரசுரம் அடித்திருந்தது. கடை கடையாகக் கொடுக்க வேண்டியது ஏஞ்சலாவின் பொறுப்பு. நாலு பெட்டியும் இன்னும் அவளுடைய மேசைக்குக் கீழேதான் கிடந்தன. அவற்றின்மேல் கால் நீட்டிக்கொண்டு வேலை செய்கிற பழக்கமும் வந்துவிட்டது.

"வேரோனிக்கா அகஸ்ரின்."

ஏஞ்சலா சித்தியின் கையைப் பிடித்தாள். சித்தி மெதுவாக விரல்களை விடுவித்துக்கொண்டு எழுந்தாள்.

மைக்குக்கு முன்னால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். சித்தி ஒரு வசனம் சொல்லுவாள், ஏஞ்சலா அதை இங்கிலீஷில் சொல்லுவாள்.

"என்ர பேர் வேரோனிக்கா. என்ர மனிசன் இருபது வருசமாக் கடை வச்சிருந்தவர். அஞ்சு பதினாலுக்கு அவரைக் குத்தினவங்கள். அஞ்சு நாப்பதுக்குப் பொலிஸ் வந்தது."

அவ்வளவுதான். இன்னும் இரண்டு நிமிடம் மிச்சமிருந்தது. சித்தி அதற்குமேல் பேசவில்லை, அழவுமில்லை. கிளிபோட் மேசையிலிருந்து தலையை நிமிர்த்திப் பார்த்தார்.

ஹெலன் பார்க்கர் மைக்கை இழுத்தாள். அவளுடைய குரலில் குத்தல் இல்லை. அதுதான் ஏஞ்சலாவைக் கூடப் பயப்படுத்தியது.

"உங்களுடைய இழப்புக்கு நான் மிகவும் வருந்துகிறேன். ஆனால் இந்த நகரம் ஒரு பெரிய முடிவை இந்தக் கணக்கை வைத்து எடுக்கப்போகிறது. 911-க்கு முதல் அழைப்பு வந்தது ஐந்து முப்பத்துநாலுக்கு. உங்கள் கணவர் அழைக்கவில்லை. அந்த இருபது நிமிடமும் அவர் யாரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார் என்று உங்களுக்குத் தெரியுமா?"

மண்டபத்தில் சலசலப்பு எழுந்து அடங்கியது. கேள்வியைத் தமிழில் சொல்ல வேண்டியது ஏஞ்சலாவின் வேலை. வேறெதையாவது கேட்டதாகச் சொல்லிவிடலாம், தமிழ் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இங்கே என்று ஒரு கணம் மனம் எண்ணிப் பார்த்தது. பிறகு கேட்டபடியே சொன்னாள்.

சித்தி ஹெலனைப் பார்க்கவில்லை. ஏஞ்சலாவைத்தான் பார்த்தாள்.

"எனக்குத்தான் அடிச்சவர்," என்றாள். "நான் எடுக்கேல்லை. பிறம்ரனில வெயார்ஹவுஸ் வேலை எனக்கு. போனை லொக்கரில பூட்டிப்போட்டுத்தான் உள்ளுக்குப் போகலாம். அஞ்சு தரம் அடிச்சிருக்கிறார். நான் எடுத்திருந்தா அவர் இருந்திருப்பார். பொலிசில பிழையில்லை."

ஏஞ்சலா மைக்கின் கழுத்தைப் பிடித்துத் தன் பக்கம் வளைத்தாள். குழுத் தலைவர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார், பொறுமையாகச் சொல்லலாம் என்பதுபோல.

"அவர் என்னைத்தான் கூப்பிட்டார்," என்று ஏஞ்சலா இங்கிலீஷில் சொன்னாள். குரல் யாருடையதோ போல் இருந்தது. "நான் எடுக்கவில்லை."

மீதியையும் சொல்லி முடித்தாள். ஹெலன் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள். வேறு கேள்வி இல்லை என்றாள். பின்வரிசையில் அன்புராசா அங்கிள் கோட்டிலிருந்த பட்டையைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் போட்டார்.

கிளிபோட் ஒரு மூச்சும் வீணாக்கவில்லை. கடைக்கு எதிரே ஒரு பொலிஸ்காரர் நின்றிருந்தால் அந்த மனிதருக்கு ஒருவரையுமே கூப்பிடத் தேவை வந்திருக்காது என்றார். அதையும் ரிவிக்காரர் எடுத்தார்கள். நாலுக்கு மூன்று என்று அவருடைய தீர்மானம் நிறைவேறியது. பின்னேர வகுப்புகள் ஏப்ரலோடு மூடப்படும். இருபத்தாறு நிமிடத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் வாய் திறக்கவில்லை.

வெளியே, நடைபாதை வாங்குப் பலகையில் சித்தி இருந்தாள். காலையில் கட்டிப்பிடித்து அழுத ஆட்கள் இப்போது கோட்டுப் பொத்தானைப் போடுகிற சாட்டில் தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போனார்கள். ஒருத்தி மட்டும், கேட்கட்டும் என்றே, "மனிசன் சாகக் கிடக்கப் போன் எடுக்கேலாத வேலை என்ன வேலை?" என்று சொல்லிக்கொண்டு போனாள்.

"ஏன் சித்தி அப்பிடிச் சொன்னனீங்கள்?" ஏஞ்சலா பக்கத்தில் குந்தினாள்.

சித்தி கைப்பையைத் திறந்து, பொலிஸ் திருப்பிக் கொடுத்த பிளாஸ்ரிக் பையோடேயே, மூலை வெடித்த ஒரு கைப்பேசியை எடுத்தாள்.

"எனக்கு அம்பது வயசு தாண்டிற்று. ஆக்கள் சொல்லுறதைக் கேட்டுக்கொண்டு இருந்திடுவன். நீ இருக்கமாட்டாய்." பையை அவளுடைய மடியில் வைத்தாள். "இனி உதைப் பாக்கோணும் எண்டு ஆரும் வருவினம். உள்ளுக்கை கிடக்கிறதை அழிச்சுத் தா. எனக்கு உதெல்லாம் தெரியாது. அவரும் போனில ஏதுமெண்டா உன்னட்டைத்தானே தாறவர்."

"சித்தி..."

"அழி பிள்ளை. நான் இரண்டு மாசத்துக்கு முதலே பாத்திட்டன்."

கடவு எண்ணைக் கேட்கத் தேவை இருக்கவில்லை. அதைப் போட்டுக் கொடுத்ததே அவள்தான். திரை திறந்தது. நவம்பர் பதினாலு. ஐந்து பதினைந்து. ஐந்து பதினேழு. ஐந்து இருபது. ஐந்து இருபத்துநாலு. ஐந்து முப்பத்தொன்று. ஐந்து அழைப்புக்கும் நேரே ஒரே பெயர், அவளே தன் கையால் தமிழில் அடித்துப் பதிந்து கொடுத்த பெயர்: 'ஏஞ்சலா பிள்ளை'.

அதற்குக் கீழே, ஐந்து பதினெட்டுக்கு அவள் அனுப்பிய செய்தி அப்படியே கிடந்தது.

'வேலையில நிக்கிறன் சித்தப்பா. கிளிபோட் அண்ணைக்குப் பொலிஸ் விசயமா ஒரு பேச்சு எழுதுறன். பிறகு எடுக்கிறன்.'