கலவைக்காரர் வீட்டுச் செம்பட்டை

யார் வீட்டுச் சுவரிலிருந்து என்ன துண்டைப் பெயர்த்துக்கொண்டு வந்தாலும், அதே நிறத்தில் பெயிண்ட் கலந்து கொடுத்துவிடுவார் கலவைக்காரர். புகை படிந்த சமையலறைப் பச்சை, வெயிலில் வெளுத்த மஞ்சள், மாமியாருக்கு மட்டும் பிடித்த ஊதா, எதுவானாலும் சரி. கலந்ததை அட்டையில் தீற்றிக் காயவைத்து, கடை வாசலுக்கு எடுத்துப்போய், சுவர்த்துண்டோடு ஒட்டிப் பிடித்துப் பார்ப்பார். உள்ளே எரிகிற விளக்கை நம்பவே மாட்டார். பகல் வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால்தான் டப்பாவுக்கு மூடி.

அப்படிப்பட்ட மனுஷன் தன் தலைக்கு மட்டும் விடலைப் பருவத்திலிருந்து குளியலறைப் பல்பின் கீழேதான் நிறம் பார்த்துவந்தார். குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு, தாழ்ப்பாளை இரண்டு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு.

பிறந்த நிறம் செம்பட்டை. எண்ணெய் காணாத பரட்டைச் செம்பட்டை இல்லை. செங்கல் பொடியில் சொட்டு மஞ்சள் விட்டுக் கலந்த மாதிரி அசல் சரக்கு. அப்பா தலையும் அதுதான், அக்கா தலையும் அதுதான். பள்ளிக்கூடத்தில் அவருக்குத் ‘தீக்குச்சி’ என்று பேர். அழுதுகொண்டு வந்த தம்பியை ஒரு நாள் அக்கா முக்காலியில் உட்காரவைத்து, தேய்ந்த பல் துலக்கும் பிரஷ்ஷால் கருப்பு மை பூசிவிட்டாள். ஏற்கெனவே தன் தலையில் பூசிப் பார்த்துக் கை தேர்ந்தவள்.

“இது நமக்குள்ளயே இருக்கட்டும்டா. நாளைக்குக் கட்டிக்கிறவங்களுக்குக்கூடத் தெரியக் கூடாது.”

அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்த பிறகு சாட்சிக்கும் ஆளில்லாமல் போயிற்று. அக்காவைக் கட்டிய அத்தான் இன்றைக்கும் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், “எங்க வீட்டம்மா முடியைப் பாருங்க, இந்த வயசுலயும் என்ன கருப்பு!” என்று பூரித்துப்போகிறார். நல்ல மனுஷர்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, பாப்பா பிறக்கும் வரை. பிறந்தபோது இருந்த பூனை முடி உதிர்ந்து, புது முடி முளைத்தது. முளைத்தது என்றா சொல்வது, பற்றிக்கொண்டது. கலவைக்காரர் தொட்டிலில் குனிந்து பார்த்தார். என்ன நிறத்தில் எவ்வளவு விட்டால் இது வரும் என்பது அவருக்குத் தெரியாததா? உடனே கடைக்கு ஓடி ஒரு பின்னல் தொப்பி வாங்கிவந்து மாட்டிவிட்டார். பாப்பாவுக்கு வேர்க்குரு வந்ததுதான் மிச்சம்.

அவர் மனைவி உயர்நிலைப் பள்ளியில் உயிரியல் டீச்சர். வீட்டிலும் அவளுக்கு டீச்சர் என்றே பேர் நிலைத்துவிட்டது. தொப்பியைக் கழற்றி, வேர்க்குருவுக்குப் பவுடர் போட்டுக்கொண்டே கேட்டாள்: “ஏங்க, உங்க பக்கம் யாருக்காவது இப்படி முடி இருந்துச்சா?”

“எங்க பக்கமா? எல்லாம் கருகருன்னு கரிச்சட்டி.”

டீச்சர் நிமிர்ந்து அவரை ஒரு பார்வை பார்த்தாள். பரீட்சையில் பக்கத்துப் பையன் தாளை எட்டிப் பார்க்கிறவனைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. பிறகு பவுடர் டப்பாவை மூடிவிட்டாள்.

அதற்கப்புறம் அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதிர் வீட்டு அம்மாள் பாப்பாவைக் கொஞ்சும் சாக்கில், “யாரு ஜாடைம்மா இது?” என்று இழுத்ததையும், டீச்சர் பதில் சொல்லாமல் கதவைச் சாத்தியதையும் மாடிப்படியில் நின்று கேட்டார். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தார், கொட்டாவி விட்டார், மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். டீச்சரின் அப்பாவும் வந்திருந்தார். ஓய்வுபெற்ற ரயில் டிரைவர். கல்யாணத்துக்கு முன்பே முழு வழுக்கை. அவர் தலையில் முடி பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை.

கலவைக்காரர் மறுபடி மாட்டிவைத்திருந்த தொப்பியை விலக்கிப் பார்த்த அக்காவின் முகம் வெளிறியது. ஒரு நிமிஷம்தான். கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சுதாரித்துவிட்டாள்.

“எங்க பரம்பரையில இந்த நிறம் கிடையவே கிடையாதும்மா. உன் பக்கத்துல விசாரிச்சுப் பாரு. அங்கயும் இல்லைன்னா… நான் ஒண்ணும் சொல்லல. பார்க்கிறவங்க நாலு விதமாப் பேசுவாங்க இல்ல?”

துணி மடித்துக்கொண்டிருந்த டீச்சரின் கை நின்றது. கலவைக்காரர் சோபா நுனியில் நெளிந்தார். சொல்லிவிட்டால் அக்காவின் குட்டு உடையும். சொல்லாவிட்டால் பெண்டாட்டியின் மானம் போகும். இரண்டுக்கும் நடுவில் இவர், டீயில் விழுந்த பிஸ்கட் மாதிரி ஊறிக்கொண்டிருந்தார்.

அப்போது மாமனார் தொண்டையைக் கனைத்தார்.

“எனக்குத்தாம்மா. எனக்கு இந்த முடிதான். இருந்த காலத்துல.”

எல்லோரும் அந்தப் பளபளக்கும் தலையைப் பார்த்தார்கள். அவர் அதைத் தடவிக்கொண்டே, “நல்ல சிவப்பு. சிக்னல் மாதிரி. ஸ்டேஷன்ல கேலி பண்ணுவாங்க. அதான் கொட்டினப்ப நான் கவலையே படல” என்றார்.

புளுகு என்பது பாப்பாவுக்கே தெரிந்திருக்கும். மகளுக்காக, இல்லாத முடியைச் சாட்சிக்கு இழுத்துவந்து நிறுத்துகிறார் ஒரு கிழவர். மண்டை நிறைய முடி வைத்திருக்கிற தான் என்ன செய்கிறோம் என்று கலவைக்காரருக்குச் சுருக்கென்றது.

“நீங்க மட்டும் போதாதுப்பா” என்றாள் டீச்சர். துணிக் கூடையிலிருந்து ஒரு கருப்பு கிளிப்பையும் ஒரு சிவப்பு கிளிப்பையும் எடுத்து மேஜையில் சேர்த்துவைத்தாள். “இது நான். என்கிட்ட சிவப்பு இருந்தாலும் கூட இருக்கிற கருப்பு அதை அமுக்கிடும், வெளிய தெரியாது. பிள்ளைக்கு நான் ஒண்ணுதான் கொடுக்க முடியும். சிவப்பையே கொடுத்தேன்னு வெச்சுக்குங்க. இன்னொரு சிவப்பு இன்னொருத்தர்கிட்ட இருந்து வரணும். ரெண்டு சிவப்பும் சேர்ந்தாத்தான் தலையில தெரியும்.”

இன்னொரு சிவப்பு கிளிப்பை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். யார் பெயரையும் சொல்லவில்லை. யாரையும் பார்க்கவும் இல்லை.

கலவைக்காரர் எழுந்தார். பாப்பாவைத் தூக்கித் தொப்பியை உருவிப் போட்டுவிட்டு, நேரே வாசலுக்குப் போனார்.

“இங்க வாங்க எல்லாரும். வெளிச்சத்துல வந்து பாருங்க.”

மை பூசி நாளாகியிருந்தது. உச்சித் தலையில் முடியை விரலால் வகிர்ந்து, குனிந்து, பாப்பாவின் தலையோடு தன் தலையை ஒட்டி வைத்துக்கொண்டார். கருப்புக்கு அடியில், வேரோடு வேராக, ஒரு செங்கல் நிறக் கோடு. பக்கத்தில் அதே நிறத்தில் பஞ்சு போல ஒரு குட்டித் தலை. கடையிலாக இருந்தால் டப்பாவுக்கு மூடி போட்டிருப்பார்.

“சரியா இருக்கா?” குனிந்தபடியே கேட்டார். குரல் தரையைப் பார்த்து வந்தது. “இது என் முடி. எங்க அப்பா முடி.”

“டேய்!” என்றாள் அக்கா.

“உன் முடியும்தான் அக்கா. ஆனா அதை நான் சொல்லல.”

“இப்பதானடா சொன்னே, கடங்காரா!”

மாமனார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இரண்டு தலைகளையும் மாறி மாறிப் பார்த்தார். “அச்சு அசல், மாப்ள.”

டீச்சர் பாப்பாவை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“உனக்கு… தெரியுமா?” என்றார் கலவைக்காரர்.

“தலையணை உறையை வீட்ல யாரு துவைக்கிறா?”

“அப்புறம் ஏன் என்கிட்ட கேட்டே?”

“நீங்களா சொல்வீங்கன்னு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “எதிர் வீட்டம்மா கேட்டப்ப படியில நின்னீங்களே, அப்பவே சொல்வீங்கன்னு பார்த்தேன். இன்னிக்கு அண்ணி எதிர்லயாவது சொன்னீங்க, பிழைச்சீங்க.”

கலவைக்காரர் வாயைத் திறந்தார். இந்தத் தடவை கொட்டாவி கூட வரவில்லை.

அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று படி இறங்கினாள். பாதி தூரம் போனவள் நின்றாள். திரும்பி ஏறி வந்து, டீச்சரின் முகத்தைப் பார்க்காமல், பாப்பாவின் தலையை உள்ளங்கையால் மெல்லத் தடவினாள். வெகுநேரம் தடவினாள்.

“நான் பேசினதை மனசுல வெச்சுக்காதம்மா. பயம். வேற ஒண்ணுமில்ல.” பிறகு தம்பியைப் பார்த்து, “இவ தலையில மட்டும் அந்த மையைக் காட்டினே, கையை முறிச்சிடுவேன்” என்றாள். “அத்தான்கிட்ட நானே சொல்லிக்கிறேன். எப்பவாவது.”

அவள் போன பிறகு கலவைக்காரர் மாமனார் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தார். “மாமா, நிஜமாவே உங்களுக்குச் செம்பட்டையா?”

“யாருக்கு ஞாபகம் இருக்கு மாப்ள? ஆனா கிளிப் கணக்குப்படி எங்க பக்கமும் ஒண்ணு வந்தாகணுமே. நானா இருந்தா சந்தோஷம்தான்.”

கலவைக்காரர் குளியலறைக்குப் போய் மை டப்பாவை எடுத்துவந்து குப்பைக் கூடையில் போட்டார். வேரில் சிவப்பும் நுனியில் கருப்புமாக இன்னும் கொஞ்ச நாள் கடைக்குப் போயாக வேண்டும். கடைப் பையன்கள் சும்மா விடுவார்களா என்று கவலையோடு கண்ணாடியில் பார்த்தார்.

பின்னாலேயே வந்த டீச்சர் பாப்பாவின் பின்னல் தொப்பியை எடுத்து, இழுத்து விரித்து, அவர் உச்சந்தலையில் மாட்டிவிட்டாள். ஜாடிக்கு மூடி போல அது துருத்திக்கொண்டு நின்றது.

“வளர்ற வரைக்கும் போட்டுக்குங்க” என்றாள். “வேர்க்குரு வந்தா சொல்லுங்க. பவுடர் இருக்கு.”