விருப்ப ஓய்வு

"கன்னத்த ஊதுங்க," என்றாள்.

அவர் ஊதினார். ஊதிய கன்னத்தில் ரேஸரை மேலிருந்து கீழாக இழுத்தாள். நுரையோடு நரைத்த முடியும் வழிந்து வந்தது. இடது கன்னம் ஒழுங்காக முடிந்தது. வலது கன்னத்துக்கு வந்தபோது அவருக்கு மூச்சு போதவில்லை. பாதி ஊதி விட்டுவிட்டார். அவள் தன் விரலை அவர் வாய்க்குள் விட்டு, உள்ளிருந்து தோலைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சிரைத்தாள்.

விரலை எடுத்ததும் அவர் சொன்னார்: "அவ்ளோ பெரிய விமானத்த பூ மாதிரி இறக்குற கை, என் தாடையில வந்து தடுமாறுதே."

"விமானம் நடுவுல பேசாது. அதான்."

கட்டிலை முன்னறைக்கு, ஜன்னலோரமாக மாற்றிப் போட்டிருந்தார்கள். தெருவைப் பார்க்க வேண்டும் என்று அவர்தான் கேட்டுக்கொண்டார். முப்பது வருடங்களாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர். படுத்த பிறகும் வேலையை விடவில்லை. யாராவது சிக்னல் போடாமல் திரும்பினால் இங்கே ஒரு சூள் கொட்டல் கேட்கும். யாராவது வேகமாக வந்தால் போர்வைக்குள் அவருடைய வலது கால் எதையோ அழுத்தும். பயிற்சிக் காரில் கற்றுத்தருபவரின் பக்கம் இன்னொரு பிரேக் உண்டு. அந்தக் கால் முப்பது வருடங்களாக அதன்மீதே இருந்தது.

முந்தின நாள் நர்ஸ் வந்து நாடி பார்த்துவிட்டு, வாசலில் அவளிடம் தாழ்ந்த குரலில், "இன்னிக்கோ நாளைக்கோம்மா," என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் காதிலும் விழுந்திருக்கிறது. அவள் உள்ளே வந்ததும், "என்ன, லைசென்ஸ் டெஸ்ட்டுக்குத் தேதி குடுத்துட்டாங்களா?" என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருந்தாள்.

மகளுக்குத் தகவல் சொல்லியாயிற்று. அவள் வேறு ஊரில் பல் டாக்டர். இன்று சாயங்காலத்துக்குள் வந்துவிடுவாள்.

"கேப்டன்," என்றார். கல்யாணமான புதிதில், அவள் இன்னும் துணை விமானியாகவே இருந்த காலத்தில், கேலியாகத் தொடங்கிய பெயர். பதவி பின்னால் வந்து பெயரோடு சேர்ந்துகொண்டது. "இன்னிக்குத்தானே கடைசி நாள்?"

அவள் கை நின்றது.

"அத கேக்கல. உன் கம்பெனிக்குப் பதில் சொல்ல."

"ஆமா. இன்னிக்குத்தான்."

கம்பெனி இரண்டு வருடமாகவே ஆட்டம் கண்டிருந்தது. வாடகைக்கு எடுத்த விமானங்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஓட்ட ஆளிருந்தது, ஓட்ட விமானமில்லை. யாரையும் வெளியே போ என்று சொல்லாமல், பாதிச் சம்பளத்தில் நீண்ட விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அவள்தான் முதல் ஆளாக எடுத்தாள். இப்போது விடுப்பு முடிகிறது. மூன்றில் ஒன்றைச் சொல்ல வேண்டும்: வேலைக்குத் திரும்புவது, இன்னும் ஒரு வருடம் விடுப்பு, அல்லது விருப்ப ஓய்வு.

"என்ன சொல்லப் போற?"

"இன்னும் யோசிக்கல."

"பொய். பொய் சொன்னா உன் காது மடல் சிவக்கும். இப்ப பழுத்த மிளகா மாதிரி இருக்கு."

அவள் ரேஸரைக் கிண்ணத்துத் தண்ணீரில் அலசினாள். தேவைக்கு மேல் அலசினாள்.

"திரும்பிப் போயிடு," என்றார். "வால்யூம் சொன்னது சரிதான். இந்த வயசுல சீட்ட விட்டா மறுபடி கிடைக்காது." வால்யூம் என்பது அவளோடு வேலைக்குச் சேர்ந்த இன்னொரு கேப்டன். அவர் போனில் பேசினால் அறை முழுக்கக் கேட்கும். "பாரு, எனக்கு ஒரு குறையும் இல்ல. நல்லாத்தான் வாழ்ந்தேன். ஒண்ணே ஒண்ணுதான் உறுத்திக்கிட்டே இருக்கு. எத்தன பரீட்ச எழுதி ஏறின எடம் அது! என்னால அது போச்சுன்னு ஆகிடக் கூடாது."

பேசி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. நடுவில் இரண்டு முறை மூச்சுக்காக நிறுத்தினார். தெருவில் ஒரு லாரி போனது. அவர் அதைப் பார்க்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் தனக்குள் வைத்திருந்த விஷயம் ஒன்று உண்டு. போன மழைக்காலத்தில் ஒரு நாள், காய்கறிக் கடையில் தக்காளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். விமானம் ஒன்று மிகத் தாழ்வாகப் போனது. கடைக்காரர் உட்பட எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்பதே வீட்டுக்கு வந்து பையைக் கொட்டியபோதுதான் தெரிந்தது. அன்று மத்தியானம் முழுவதும் ஏதோ திருடிவிட்டு வந்தவளைப்போல, ஆனால் சந்தோஷமாக, வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் திரும்பிப் போக ஆசையில்லங்க," என்றாள்.

"எனக்காகச் சொல்லாத."

"உங்களுக்காக இல்ல. அந்த லீவு மெயில் வந்தப்ப உங்க ரிப்போர்ட்டே வரல. ஞாபகம் இருக்கா? ஒரு வாரம் கழிச்சுத்தான் வந்துச்சு. மெயிலப் படிச்ச அன்னிக்கே எடுத்துடலாம்னு முடிவு பண்ணிட்டேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு முழிச்சிக்கிட்டு இருந்தேன். அதுக்குள்ள இது வந்துடுச்சு. 'புருஷனுக்காக வானத்தையே விட்டுட்டா'ன்னு ஊரே சொல்ல ஆரம்பிச்சிடுச்சு. நானும் வாயத் திறக்கல."

அவர் தலையணையிலிருந்து தலையை லேசாக உயர்த்தினார்.

"எனக்குப் போதும்ங்க. நல்லா ஓட்டினேன். அலுத்துப்போயி விடல. வயிறு நெறஞ்சா எலையிலேருந்து எழுந்துக்கறோம்ல, அப்படி. ஹோட்டல் ரூம்ல கண்ணு முழிச்சு, இது எந்த ஊருன்னு யோசிக்கிறது போதும். இந்த ஒரு வருஷம்தான் நீங்க குளிக்கறப்ப பாடுவீங்கன்னே எனக்குத் தெரிஞ்சுது."

"எங்க, இப்படித் திரும்பு."

திரும்பினாள். அவர் கையை மெல்ல உயர்த்தி அவள் முடியை ஒதுக்கி, காது மடலைப் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். அது சிவந்திருக்கவில்லை.

"அடிப்பாவி!" என்றார். "ஒரு வருஷமா கொல பண்ணினவன் மாதிரி படுத்துக் கெடக்கேன் நானு!"

"நீங்க கேக்கவேயில்லையே."

"கேட்டா 'உங்களுக்காகத்தான்'னு சொல்லிடுவியோன்னு பயம்."

சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறியது. அவள் தோளைத் தாங்கித் தூக்கிப் பிடித்தாள். இருமல் அடங்கியதும் மறுபடி சிரித்தார். தாடையின் கீழே நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"போன எடு. இப்பவே அனுப்பு. நான் பாக்கணும்."

அவள் போனில் கம்பெனிப் பக்கத்தைத் திறந்தாள். மூன்று கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. "நான் அழுத்துறேன்," என்று அவர் அடம்பிடித்தார். கண்ணாடி போட்டிருக்கவில்லை. அவர் தொட்டது நடுக் கட்டத்தை.

"ஐயய்யோ, இன்னும் ஒரு வருஷம் லீவு கேட்டுட்டீங்க!"

"கேட்டா என்ன? நான் வேணா இருந்து பாக்கறேன்."

இப்போது இருவருமே சிரித்தார்கள். அவள் அந்தக் குறியை அழித்தாள். அவர் விரலைப் பிடித்துச் சரியான கட்டத்தின் மேல் வைத்தாள். அழுத்தியது யார் என்று பின்னால் யோசித்தபோது அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. பதில் பெற்றுக்கொண்டோம், நன்றி என்று திரையில் வந்தது.

"இவ்ளோதானா?" என்றார் அவர்.

"இவ்ளோதான்."

மீதிச் சவரத்தை முடித்து, ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டாள். அவர் தூங்கிப்போனார்.

மத்தியானம் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டாள். அவரை எழுப்பிப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையசைத்தார். கண்ணைத் திறந்து ஜன்னலைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் சீறிக்கொண்டு போனது. போர்வைக்குள் கால் அசையவில்லை. அவள் அதைக் கவனித்தாள். கவனித்தும், ரொட்டியைப் பிய்த்துச் சூப்பில் தோய்த்தாள்.

"உப்பு கொஞ்சம் கூடிப்போச்சு," என்றாள்.

அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. அவள் சமையலைப் பற்றி எதையாவது சொல்லாமல் விடுகிற ஆளில்லை அவர். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. மழித்த முகம் வழவழப்பாக, இரண்டு மூன்று வயது குறைந்தது போலத்தான் இருந்தது. காதுக்குப் பின்னால் கொஞ்சம் நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருப்பது அப்போதுதான் கண்ணில் பட்டது. விரலை நாக்கில் தொட்டு ஈரமாக்கி, அதைத் துடைத்துவிட்டாள். அதன் பிறகுதான் போனை எடுத்தாள்.

மறுநாள் இறுதிச் சடங்கெல்லாம் முடிந்தது. அவ்வளவு கூட்டம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. ஊரில் பாதிப் பேர் அவரிடம் ஓட்டக் கற்றவர்கள். டாக்டர், தபால்காரர், இரண்டு ஆம்புலன்ஸ் டிரைவர்கள் எல்லாரும் வந்தார்கள். ஒவ்வொருவரும் அவர் தங்களை எப்படித் திட்டினார் என்பதைச் சொன்னார்கள். "பிரேக்க மிதிக்கச் சொன்னா என் கால மிதிக்கிறியேய்யா," என்று ஒருவர் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினார். அழுதுகொண்டிருந்த மகள் சிரித்துவிட்டாள்.

அவருடைய தம்பி எல்லாரையும் உட்காரவைத்து டீ கொடுத்துக்கொண்டிருந்தார். "எங்க அண்ணி மாதிரி யாரும் கெடையாது," என்று ஒருவரிடம் சொன்னார். "அண்ணனுக்காக அவ்ளோ பெரிய உத்தியோகத்தத் தூக்கிப் போட்டாங்க."

"அவருக்காக இல்ல தம்பி," என்றாள் அவள்.

"பாத்தீங்களா? இதையும் ஒத்துக்க மாட்டாங்க," என்றார் தம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அவள் விட்டுவிட்டாள். சொல்ல வேண்டியவருக்குச் சொல்லியாயிற்று.

வால்யூம் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். வாழ்க்கையில் முதல்முறையாக மெதுவாகப் பேசினார். அதனால் அவர் சொன்னது முதலில் அவளுக்குப் புரியவேயில்லை.

"நீங்க ஓய்வுன்னு போட்டுட்டதா ஆபீஸ்ல சொன்னாங்க. ஒண்ணும் கெட்டுப் போகல. நான் பேசி அத வாபஸ் வாங்கித் தரேன். நேத்து நீங்க இருந்த நெலம அவங்களுக்கும் தெரியும். துக்கத்துல எடுத்த முடிவுன்னு சொன்னா யாரும் மறுக்க மாட்டாங்க."

"துக்கத்துல எடுக்கல. ரெண்டு பேரும் சிரிச்சுக்கிட்டே எடுத்தது."

அவர் அவளைப் பார்த்தார். அழுது களைத்தவர்கள் இப்படித்தான் பேசுவார்கள் என்று எண்ணியிருக்க வேண்டும். "தனியா என்ன பண்ணுவீங்க?" என்றார்.

"தெரியல," என்றாள். அது உண்மைதான். தெரியாமலிருப்பது அவளைப் பயமுறுத்தவில்லை என்பதும் உண்மைதான்.

"எங்கூட வந்துடும்மா," என்றாள் மகள்.

"வரேன். வந்து பத்து நாள் இருந்துட்டு வரேன். முதல்ல நீ ஏதாவது சாப்பிடு."

அப்போது தெருவில் ஒரு எஞ்சின் உறுமி உறுமி அணைந்தது. மறுபடி உறுமியது, மறுபடி அணைந்தது. அவள் எழுந்து வாசலுக்குப் போனாள். குறுகிய தெரு. வந்தவர்களின் கார்கள் இரண்டு பக்கமும் நெருக்கமாக நின்றன. நடுவில் இருந்த சந்துக்குள் ஒரு சின்னக் கார் மூக்கை நீட்டியபடி சிக்கியிருந்தது. உள்ளே நூலகத்தில் வேலை பார்க்கும் அம்மா. அவள் கணவரிடம் கற்றுக்கொண்ட கடைசி ஆட்களில் ஒருவர். கழுத்தெல்லாம் வியர்த்திருந்தது.

"இங்கயே விட்டுட்டுப் போயிடறேன் மேடம். நாளைக்கு யாரையாவது கூட்டிட்டு வந்து எடுத்துக்கறேன். இன்னிக்கு என்னால முடியல."

"உக்காருங்க. ஸ்டார்ட் பண்ணுங்க. ரெண்டு பக்கமும் பாக்க வேணாம். என் கைய மட்டும் பாருங்க."

அவள் காருக்கு முன்னால் போய்த் தெரு நடுவில் நின்றாள். எத்தனையோ ஊர்களில், மழையிலும் வெயிலிலும், தரையில் ஓர் ஆள் நின்று கை காட்ட, அந்தக் கையை நம்பி விமானத்தைக் கொண்டுபோய் நிறுத்தியவள். தான் அப்படி நிற்பது இதுதான் முதல் தடவை. இரண்டு கைகளையும் உயர்த்தி, முழங்கையை மடக்கி, வா, வா என்று அழைத்தாள். கார் நகர்ந்தது. அவள் ஓரடி பின்வாங்கினாள். இடது பக்கம் நெருங்கியபோது ஒரு கையை அசையாமல் நிறுத்தி, மறு கையால் மட்டும் அழைத்தாள். சக்கரம் திரும்பியது. பேச வாயெடுத்த வால்யூம், வாசற்படியில் டீ டம்ளரோடு அப்படியே நின்றார்.

தெருமுனை வரை அவள் காரைப் பார்த்தபடி பின்னோக்கியே நடந்து போனாள். அங்கே தலைக்கு மேல் இரண்டு கைகளையும் குறுக்காகச் சேர்த்துப் பிடித்தாள். கார் நின்றது.

அவளுக்குப் பின்னால் பெரிய சாலையில் ஒரு பஸ் போனது. அதன்பின் ஒரு தண்ணீர் லாரி. கைகள் தலைக்கு மேலேயே இருந்தன. சாலை காலியானதும் மெல்ல இறக்கினாள். ஓரமாக ஒதுங்கி நின்று, ஒரு கையை நீட்டிப் பாதையைக் காட்டினாள்.