ஜாவாவுக்குப் போகாத மூட்டைகள்

தோணியோட்டும் தண்டல் பவுல் தன் தோணியை அவிழ்த்தபோது கரையில் நின்ற சுமைகாரர்கள் யாரும் கூச்சல் போடவில்லை. அதுதான் அவனைக் கலக்கியது. ஏசியிருந்தால்கூட அவனும் திருப்பி ஏசிவிட்டுப் போயிருப்பான்.

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. ஜாவாவில் சுதந்திரம் கேட்டவர்களைச் சுட்டுக்கொண்டிருந்த டச்சுப் பட்டாளத்துக்கு மாவும் பூட்ஸும் ஏற்ற மாட்டோம் என்று தூத்துக்குடிச் சுமைகாரர்கள் மறுத்துவிட்டார்கள். கப்பல் கம்பெனி வெளியூர் ஆட்களை வைத்துத் தோணியை நிரப்பியது. ஆனால் கப்பல் நிற்பதோ தூரத்துக் கடலில். தோணிக்காரன் மனது வைத்தால்தான் சரக்கு அங்கே போய்ச் சேரும்.

முந்தின நாள் சுமைகாரர் தலைவர் சிவனணைந்தபெருமாள் பவுலின் வாசலுக்கே வந்திருந்தார். இரண்டு பேருக்கும் கோயில் வேறு, தெரு வேறு. அதற்குமுன் அவர் அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை.

"ஒன்னயக் கட்டாயப்படுத்த வரல தம்பி. நீ கொண்டு போயிட்டா நாங்க மறுத்ததுக்கு அர்த்தமில்லாமப் போயிரும்" என்றார்.

மறுத்தால் தோணி லைசென்ஸைப் பிடுங்கிவிடுவோம் என்று கம்பெனி பவுலை மிரட்டியிருந்தது. உள்ளே அவன் மனைவி கிளாடிஸ் நிறைமாதமாக இருந்தாள்.

இன்று தோணி கப்பலை அணைந்தபோது மேலிருந்து கயிறு இறங்கவில்லை. ஜாவாக்கார மாலுமிகள் கைகட்டித் தளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் மட்டும் விளிம்புக்கு வந்து மூட்டைகளைக் காட்டி, வேண்டாம் என்று கையசைத்தான். பிறகு, மறுத்ததற்குத் தங்களுக்குக் கிடைக்கப்போவது இதுதான் என்று, விலங்கு மாட்டியதுபோல் மணிக்கட்டுகளைச் சேர்த்துக் காட்டினான். பின்னாலிருந்து ஒரு வெள்ளைக்கார அதிகாரி அவனை இழுத்துத் தள்ளிவிட்டு, தானே கயிற்றை வீசினான்.

"பிடிக்கட்டா?" என்று கேட்டான் தோணியில் கூடவந்த ஆள் ரோச்.

பவுல் அந்த மாலுமி நின்ற விளிம்பைப் பார்த்தான். "வேண்டாம். பாயத் திருப்புலே."

திரும்பும்போது எதிர்காற்று. கரையில் போலீஸ்காரர்களின் சிவப்புத் தலைப்பாகைகள் தெரியத் தெரிய பவுல் பாய்க்கயிற்றைத் தளர்த்தினான். நடுக்கடலிலேயே நின்றுவிடலாமா என்றுகூட நினைத்தான். சிவனணைந்தபெருமாள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வந்து தோணியைப் பிடித்தார்.

"அங்கனயும் ஏத்த ஆளில்ல அண்ணாச்சி," என்றான் பவுல். "அவனுவளும் மறுத்துட்டானுவ."

அவர் அதைக் கரையைப் பார்த்து உரக்கச் சொன்னார். கூட்டம் அப்போதுதான் வாய் திறந்து ஆரவாரித்தது.

போலீஸ்காரர்கள் பவுலையும் சிவனணைந்தபெருமாளையும் ஒரே விலங்கில் கொண்டுபோனார்கள். கப்பல் சரக்கில்லாமல் போயிற்று, பவுலின் லைசென்ஸும் போயிற்று. சிவனணைந்தபெருமாளின் மனைவி சீனித்தாய் ஸ்டேஷனுக்கு வந்து, கிளாடிஸுக்குப் பெண் குழந்தை பிறந்தது என்றும், தானே கூட இருந்து பார்த்ததாகவும் சொன்னாள். பவுல் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அந்த மாலுமியை என்ன செய்தார்கள் என்று அவளிடம் கேட்டான். அவளுக்கு எப்படித் தெரியும்?