கட்டைவிரல் சட்டம்

விக்கிரமங்கலத்துத் தனியார் பள்ளி ஆண்டு விழாவில் ஆனி ரோஸ் டீச்சர் மைக்கைப் பிடித்தால் கூட்டம் எழுந்து போகாது. ஏலாக்குறிச்சிக்காரி, கணீரென்ற குரல். இங்கிலீஷ்காரர்களின் சொலவடை ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தது என்று கதை கதையாக அவிழ்த்துவிடுவாள். மழை கொட்டினால் பூனையும் நாயுமாகப் பெய்கிறது என்பானாம் வெள்ளைக்காரன். கூரையில் படுத்துக் கிடந்த பூனை, நாயெல்லாம் ஈரத்தில் வழுக்கி விழுந்ததால் அந்தப் பேச்சு வந்ததாம். இப்படி ஒன்றிரண்டு சொல்லி, சிரிப்பு சூடு பிடித்ததும் 'ரூல் ஆஃப் தம்ப்' என்பதை எடுத்தாள்.

"நாம குத்துமதிப்புன்னு சொல்றோமே, அதுதான். எப்படி வந்துச்சு தெரியுங்களா? அந்தக் காலத்துல இங்கிலாந்துல ஒரு சட்டம். புருஷன் பொண்டாட்டிய அடிக்கலாம். ஆனா கம்பு அவன் கட்டைவிரலைவிடத் தடிப்பா இருக்கக் கூடாது." கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, சற்று நிறுத்தினாள். "அதனால பொண்ணு பார்க்க வந்தா மாப்பிள்ளை மூஞ்சியப் பார்க்காதீங்க. விரலைப் பாருங்க."

ஆண்கள் பக்கம் விசில் பறந்தது. பெண்களும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் கூட்டத்தில் இளையபெருமாளும் இருந்தான். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் அடிக்கிற டிப்பர் லாரி ஓட்டுபவன். மகள் முத்தமிழின் நடனத்தைப் பார்க்க வந்திருந்தான். அவன் மனைவி மலர்கொடி அதே பள்ளியில் கணக்கு டீச்சர். ஆசிரியர் அறையில் ஆனி ரோஸுக்குப் பக்கத்து நாற்காலி. மதியச் சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிற சிநேகிதம்.

விழா முடிந்த வாரம் மலர்கொடி பள்ளிக்கு வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. அடுத்த வாரம் முழுக்கை வைத்த ரவிக்கையில் வந்தாள். மதியம் கை கழுவும்போது ரவிக்கையின் கை மேலேறியது. முழங்கைக்குக் கீழே வரிவரியாகக் கன்றிப்போயிருந்தது. ஆனி ரோஸ் அவளை ஆய்வுக்கூடத்துப் பின்பக்கம் அழைத்துப் போய்க் கேட்டாள்.

மலர்கொடி அழவில்லை. புருஷன் முன்னாடியும் அடித்திருக்கிறான், ஆனால் கையால்தான் என்றாள். அன்றைக்கு நாத்தனார் பேச்சுக்கு இவள் எதிர்ப்பேச்சுப் பேசிவிட்டாள். கொல்லையில் வேப்பங்குச்சி ஒன்றை ஒடித்து, தன் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தானாம்.

"'உன் சிநேகிதி சொன்ன அளவுதான், சட்டப்படிதான் அடிக்கிறேன்'னு சிரிச்சாரு, ஆனி. முத்தமிழு பார்த்துக்கிட்டே நின்னா."

அது சும்மா சிரிப்புக்குச் சொன்னது என்று ஆனி ரோஸ் ஏதோ குழறினாள். மலர்கொடி மணி அடித்ததும் வகுப்புக்குப் போய்விட்டாள்.

வீட்டுக்குப் போன கையோடு ஆனி ரோஸ் தேடிப் பார்த்தாள். அந்தக் கதையை எங்கோ ஒரு போன் வீடியோவில் கேட்டிருந்தாளே தவிர, சரிபார்க்கவேண்டும் என்று தோன்றியதே இல்லை. அப்படி ஒரு சட்டம் இங்கிலாந்தில் இருந்ததற்கு ஆதாரமே கிடையாதாம். கைவேலைக்காரர்கள் விரலால் அளந்த பழக்கத்திலிருந்து வந்திருக்கலாம், அதுவும் உறுதியில்லை என்று எழுதியிருந்தது. இல்லாத சட்டத்தை ஊர் நடுவே நின்று கைதட்டலோடு தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் மலர்கொடியை வாசலிலேயே மறித்தாள். கதை பொய், நானே உன் வீட்டுக்கு வந்து உன் வீட்டுக்காரரிடம் சொல்கிறேன் என்றாள்.

"உண்மையா இருந்தா மட்டும் அடிச்சது சரியாயிடுமா?" என்று மலர்கொடி கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "நீ சொன்னப்ப நானும்தான் சிரிச்சேன். சிரிக்காம இருந்தா பக்கத்துல உள்ளவங்க கண்டுபிடிச்சிருவாங்கன்னு."

அடுத்த முறை அடி விழுந்தபோது மலர்கொடி மகளைக் கூட்டிக்கொண்டு வாலிகண்டபுரத்தில் இருக்கிற அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கிருந்து போன் செய்தாள். மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப் போகிறேன், அவர் சொன்ன வார்த்தையை நான் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், நீ வரணும் என்றாள்.

ஆனி ரோஸ் உடனே சரி என்று சொல்லவில்லை. தாளாளர் முகம் நினைவுக்கு வந்தது, வேலை நினைவுக்கு வந்தது. கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்று வைத்தாள். யாரைக் கேட்க? கொஞ்ச நேரத்தில் தன் தயக்கமே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. வரேன் என்று திரும்பக் கூப்பிட்டுச் சொன்னாள்.

நிலையத்தில் இன்ஸ்பெக்டர் அம்மா புகாரைப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினார்.

"கட்டைவிரல் சட்டமா? இதை அந்த ஆளுக்கு யாரு சொன்னது?"

மலர்கொடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காட்டிக்கொடுக்கப் போவதில்லை என்பது ஆனி ரோஸுக்குப் புரிந்தது. அது இன்னும் சுட்டது.

"நான்தாங்க மேடம். ஆண்டு விழா மேடையில."

"டீச்சரா நீங்க? எதுக்கு அதைச் சொன்னீங்க?"

வரும் வழியெல்லாம் நல்ல நல்ல பதில்களை யோசித்து வைத்திருந்தாள். ஒன்றும் வாயில் வரவில்லை. "எல்லாரும் சிரிப்பாங்கன்னு" என்றாள். இன்ஸ்பெக்டர் அம்மா அதை அப்படியே எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்.

அடுத்த திங்கட்கிழமை காலைக் கூட்டத்தில் ஆனி ரோஸ் மைக் முன் நின்று, ஆண்டு விழாவில் தான் சொன்னது பொய், உண்மையாகவே இருந்திருந்தாலும் சிரிப்பதற்கான விஷயம் இல்லை என்றாள். பிள்ளைகள் புரியாமல் நின்றார்கள். தலைமை ஆசிரியர் இருமிவிட்டு உறுதிமொழி வாசிக்கச் சொன்னார்.

இளையபெருமாளை நிலையத்துக்குக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவன் எத்தனையோ பேரைத் தூது அனுப்பியும் மலர்கொடி திரும்பிப் போகவில்லை. பெரம்பலூரில் ஒரு பள்ளியில் சேர்ந்தாள். முத்தமிழின் டி.சி.யை வாங்கித் தரும்படி ஆனி ரோஸிடம் கேட்டிருந்தாள். ஆனி ரோஸ் அதைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுபோய்க் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தாள்.

மலர்கொடி பெயரும் பிறந்த தேதியும் சரியாக இருக்கிறதா என்று பார்த்தாள். எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதம் யார் எடுக்கிறார்கள், பிள்ளைகளுக்குப் புரிகிறதா என்று விசாரித்தாள். முத்தமிழ் அம்மாவின் புடவைக்குப் பின்னால் நகர்ந்து நின்றுகொண்டாள்.

"அரியலூர் பஸ் எடுக்கப் போறான் பாரு" என்றாள் மலர்கொடி.

ஆனி ரோஸ் ஏறினாள். ஜன்னலோரம் இடம் இருந்தும், அவர்கள் நின்ற பக்கம் உட்கார அவளால் முடியவில்லை.