அப்பா என்று வந்த மெயில்

ஹாஃபிஸா தினமும் பூதலூரிலிருந்து ரயிலில் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போவாள். வேறு கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களுக்குள் திருடர்கள் நுழைகிறார்களா என்று கண்காணிக்கும் வேலை. புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பிடிபடாத அலர்ட் எல்லாம் அவளிடம் வரும். அவளுக்கு மேலே ராஜசேகர் சார். போன மாதம் திருடன் நுழைந்துவிட்டதாக நினைத்து ஒரு வாடிக்கையாளரின் மெயில் கணக்கை அவள் தவறாகப் பூட்டிவிட்டாள். இன்னொரு முறை அப்படி நடந்தால் வேலை கிடையாது என்று எழுத்திலேயே கொடுத்திருந்தார்.

அன்று பகலில் வந்த அலர்ட், நாகப்பட்டினத்தில் ஓர் அரிசி ஏற்றுமதிக் கம்பெனியுடையது. துபாய் கிளையைப் பார்த்துக்கொள்ளும் ஜாபிரின் மெயிலை யாரோ புதிய கம்ப்யூட்டரில் திறந்திருந்தார்கள். பாஸ்வேர்டு சரி. ஊரும் துபாய்தான். கம்பெனியை நடத்தும் அவன் தந்தை அப்துல் ஹமீதுக்கு அதிலிருந்து ஒரு மெயில் போயிருந்தது.

‘அப்பா, உங்கள் போனுக்கு பேங்க்கிலிருந்து ஓடிபி வரும். உடனே அனுப்புங்கள்.’

ஹாஃபிஸா பழைய மெயில்களைத் திறந்து பார்த்தாள். எல்லாவற்றிலும் ‘அத்தா’ என்றே இருந்தது.

“புது லேப்டாப் வாங்கியிருப்பான். அலர்ட்ட மூடும்மா,” என்றார் ராஜசேகர்.

“இது ஜாபிர் எழுதினது இல்ல சார். அப்பான்னு இருக்கு.”

“அப்பாவ அப்பான்னு எழுதாம சித்தப்பான்னா எழுதுவான்?”

பக்கத்து மேசைகளில் சிரிப்பு.

“எங்க முஸ்லிம் வீடுகள்ல அப்பாவ அத்தான்னுதான் சார் கூப்பிடுவோம்.”

“துபாய் போயி மாறியிருப்பான்.”

“மாறினா டாடின்னு மாறுவான் சார். அப்பான்னு மாற மாட்டான்.”

“சாஃப்ட்வேர் சரின்னு சொல்லுதுல்ல?”

“சாஃப்ட்வேருக்கு அத்தா இல்ல சார்.”

சொல்லிவிட்டு ஜாபிரின் கணக்கைப் பூட்டினாள். வாடிக்கையாளரிடம் மேலாளர் மட்டுமே பேச வேண்டும் என்பது விதி. அவள் தன் சொந்தப் போனை எடுத்து அப்துல் ஹமீதைக் கூப்பிட்டாள்.

“உங்க கம்ப்யூட்டர் பாதுகாப்பு ஆபீஸ்லேர்ந்து பேசுறேங்க. ஓடிபி யாருக்கும்...”

“நேத்து பேங்க்லேர்ந்துன்னு ஒருத்தி பேசினா. இன்னைக்கு நீயா? வைம்மா போன.”

“வைக்காதீங்க. ஓடிபிய எனக்கும் சொல்ல வேணாம். உங்க மகன் உங்கள எப்படிக் கூப்பிடுவாரு?”

“அத்தான்னு. அதுக்கென்ன?”

“இப்ப வந்த மெயில்ல எப்படி இருக்குன்னு பாருங்க.”

அவர் மெயிலை முணுமுணுத்துப் படிப்பது கேட்டது. பிறகு அவர் குரல் இறங்கியிருந்தது.

“இது என் புள்ள இல்லம்மா. ஓடிபில நாலு நம்பர் அடிச்சுட்டேன், இன்னும் ரெண்டுதான் பாக்கி.”

“அழிச்சிடுங்க. ஜாபிருக்கு நீங்களே போன் போட்டுக் கேளுங்க.”

சாயங்காலம் ராஜசேகர் ஒரு வெள்ளைத் தாளை அவள் முன்னால் வைத்தார்.

“ஜாபிர் அந்த மெயில அனுப்பவே இல்லையாம். கம்பெனி தப்பிச்சுது, சரி. ஆனா விதிய மீறிட்ட. இனிமே செய்ய மாட்டேன்னு எழுதிக் குடு. விஷயம் என்னோட முடிஞ்சிடும்.”

ஹாஃபிஸா எழுதினாள்: ‘கணக்கைப் பூட்டியதும் போன் செய்ததும் நான்தான்.’

“அடுத்த வரி?”

“அவ்வளவுதான் சார்.”

“இனிமே செய்ய மாட்டேன்னு எங்க?”

“செய்வேனே சார்,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள்.